நல்ல தண்ணீர்க் கிணறும் என் பெயரில் வந்த மறுப்பும்

"பொதுமக்களின் உயிருக்கோ சுகத்துக்கோ உடனடியான ஆபத்து உண்டென நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்கும்போது, உத்தியோகத்தர் ஒருவர் முன்னனுமதி பெறாமலே அதனைப் பத்திரிகைகளுக்கும் பொதுமக்களுக்கும் அறிவிக்கலாம். அவ்வாறு அறிவித்தமையை அடுத்த வேலைநாளில் எழுத்தில் தெரியப்படுத்தல் வேண்டும்."

நான் பிரதம எழுதுவினைஞராக இருந்த நகரசபையின் நடைமுறை விதிகளில் இப்படி ஒன்று இருந்தது. யார் எழுதியதென்று தெரியாது. தன் காலத்தில் ஒரு கொள்ளைநோயைக் கண்ணால் கண்டவராக இருக்கவேண்டும். விதியை நீக்கியதாக எந்தத் தீர்மானமும் கிடையாது. சபையின் தீர்மானங்கள் எல்லாம் என் மேசையைக் கடந்துதான் தட்டச்சுக்குப் போயின. எனக்குத் தெரியாமல் அந்தக் கந்தோரில் ஒரு காற்புள்ளியைக்கூட நீக்கியிருக்க முடியாது.

அறுபதுகளின் கடைசியில் இந்த விதியின் தலையில் ஒரு சுற்றுநிருபம் வந்து குந்தியது. அதற்குக் காரணம் சந்தைக் கட்டடத்து மணிக்கூடு. தலைவர் மாலை மரியாதையோடு திறந்துவைத்த மணிக்கூடு ஒரு மாதம் ஓடவில்லை. ஏன் நின்றுவிட்டது என்று ஒரு நிருபர் கேட்டபோது சந்தை மேற்பார்வையாளர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அது சேர்மன் வந்து நிண்டாத்தான் ஓடும்" என்றிருக்கிறார். பத்திரிகை அதை அப்படியே போட்டுவிட்டது. அடுத்த கிழமை சுற்றுநிருபம் வந்தது: உத்தியோகத்தர், ஊழியர் எவரும் பத்திரிகையாளருடன் எவ்விடயம் குறித்தும் உரையாடலாகாது, தகவல்கள் யாவும் தலைவர் மூலமே வழங்கப்படும்.

அதன்பின் எங்கள் நூலகர் அம்மாவிடம் ஒரு நிருபர், நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டும் என்று கேட்டதற்கு அவர் பேசாமல் தலைவரின் அறையைக் கையால் காட்டினாராம். நேரம் அவருடைய தலைக்கு மேலே பலகையில் எழுதித் தொங்கியது. என் பாடு அதைவிடக் கஷ்டம். உடுப்பிட்டியில் நாங்கள் இருந்த வளவிலேயே என் மனைவியின் தம்பியும் இருந்தார். பள்ளிக்கூட ஆசிரியர், வாசிகசாலைச் செயலாளர், அதோடு யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றின் ஊர் நிருபர். எங்கள் பக்கத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். சுற்றுநிருபம் வந்த அன்று சாப்பாட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அத்தான், புட்டு நல்லாயிருக்கெண்டு நீங்கள் எனக்குச் சொல்லலாமோ, அதுக்கும் சேர்மனைக் கேக்கவேணுமோ?"

"புட்டைப் பற்றி நீ எழுதாட்டில் சொல்லலாம்," என்றேன்.

சிரிப்பு ஒரு புறம் இருக்க, எனக்கு ஓர் ஐயம் இருந்தது. மறுநாள் செயலாளரிடம் போனேன். தலைவருக்கு அடுத்த அதிகாரம் அவருடையது. எனக்கு அவர் அதிகாரி மட்டுமல்லர். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, விடுதியில் பக்கத்துக் கட்டில்.

"ஐசே, இந்தச் சுற்றுநிருபம் பழைய விதியை வெட்டுதோ?"

"வெட்டேல்லை. உது மணிக்கூட்டுக்கு எழுதினது. சனத்துக்கு ஆபத்தெண்டால் உம்மடை விதிதான் நிக்கும். நீர் பயப்பிடாமல் சொல்லும், நான் இருக்கிறன்."

"அதை எழுத்திலை தாருமன்."

"எனக்கும் உமக்கும் நடுவிலை எழுத்தோ? உம்மடை சாப்பாட்டுக் கோப்பையிலை பாதிச் சோறு திண்டு வளந்தவன் ஐசே நான்."

அது உண்மை. அவர் எப்போதும் பிந்தித்தான் சாப்பாட்டுக்கு வருவார். நான் பாதியை வைத்திருப்பேன்.

எங்கள் சபையில் இன்னொரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. தலைவர்கள் தேர்தலோடு மாறுவார்கள். செயலாளர்கள் இடமாற்றத்தோடு மாறுவார்கள். நான் மாறவில்லை. ஆகையால் நாய் அனுமதிப்பத்திரம், வளவு வரி, சந்தை பூட்டும் நாள் என்று பத்திரிகைக்குப் போகும் அறிவித்தல் எல்லாம் 'சபைக்காக' என்று போட்டு என் பெயரில் போகும். கையொப்பம்கூடத் தேவைப்படவில்லை, பெயரை அச்சடித்தால் போதும். சேர்மன் ஆர் என்று தெரியாத சனத்துக்கும் என் பெயர் தெரியும்.

அடுத்த மழைக்காலம் முடியும் தறுவாயில் கடற்கரைத் தெருவில் காய்ச்சல் தொடங்கியது. கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் நெருங்கியிருந்த தெரு அது. சபைக் கிணறுகள் இரண்டு. ஒன்று உவர், குளிக்கவும் வலை அலசவும் மட்டும். மற்றது தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த நல்ல தண்ணீர்க் கிணறு. முழுத் தெருவுக்கும் குடிதண்ணீர் அதுதான். எங்கள் குடாநாட்டில் தண்ணீரைப் பற்றிய அறிவு முழுவதும் நாக்கில் இருக்கிறது. இனித்தால் நல்லது, கரித்தால் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இரண்டு கிணற்றிலும் தண்ணீர் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அறிக்கை வந்தது. உவர்க் கிணற்றில் குற்றமில்லை. நல்ல தண்ணீர்க் கிணற்றில் கக்கூசுக் குழியின் ஊற்று கலந்திருக்கிறது. நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபொயிட், அங்கிருந்துதான் வருகிறது.

தலைவர் கொழும்பில் இருந்தார். நான் அறிக்கையைச் செயலாளரிடம் கொண்டுபோனேன். பரிசோதகரும் கூட வந்தார். செயலாளர் நின்றபடியே படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சேர்மன் திங்கள்தான் வருவார். அதுவரைக்கும் சனம் உந்தத் தண்ணியைக் குடிக்குமோ?"

"குடிக்கும்," என்றார் பரிசோதகர். "நான் வீடு வீடாச் சொன்னாலும் குடிக்கும். தண்ணி இனிக்குது எண்டுதான் சொல்லுவினம். பேப்பரிலை வந்தால் நம்புவினம்."

செயலாளர் என்னைப் பார்த்தார். "உம்மடை விதி கிடக்குத்தானே. செய்யும் ஐசே."

செய்தேன். அன்றிரவு மைத்துனருக்குச் சொன்னேன். ஞாயிறு பத்திரிகையில் வந்தது: நல்ல தண்ணீர்க் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கவேண்டும், இயலாதவர்கள் உவர்க் கிணற்று நீரைப் பாவிக்கலாம், இவ்வாறு சபையின் பிரதம எழுதுவினைஞர் தெரிவித்தார். திங்கள் காலை எட்டரைக்கு நான் விதிப்படி எழுத்தில் அறிவித்தேன். பிரதி எடுத்தேன்.

ஒன்பது மணிக்குக் கந்தோர் வாசலில் ஒரு பெண் பனையோலைக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுச் சத்தம் போட்டாள். கடற்கரைத் தெருவிலிருந்து பஸ்ஸில் நீர்வேலிப் பக்கம் மீன் கொண்டுபோய் வீடு வீடாக விற்பவள். புருசன் கடலோடு போய்விட்டான், ஒரு மகள். கடகத்தில் மீன் அப்படியே கிடந்தது.

"ஆர் அந்தப் பேப்பரிலை கதைச்ச ஐயா? வெளியிலை வரச்சொல்லுங்கோ! நீர்வேலியிலை ஒரு வீட்டிலையும் படலை திறக்கேல்லை. 'உங்கடை தெருவிலை காய்ச்சல் வருத்தமாம், போ போ' எண்டு நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைக்கினம். மீனை நான் கிணத்துக்குள்ளையோ பிடிச்சனான்? கடல்லை பிடிச்சது!"

நான் வெளியில் போய், "பிள்ளை, தண்ணி கூடாது. மகளுக்கு அதைக் குடுக்காதை" என்றேன்.

"என்ரை பாட்டன் காலத்துத் தண்ணி ஐயா அது. கற்கண்டு மாதிரி. உங்கடை ஊர்த் தண்ணியைவிடத் திறம்."

அவள் மட்டுமல்ல. மீன் லொறிகளும் அன்று வரவில்லை. பத்து மணிக்குத் தலைவர் வந்தார். பின்னால் மீன் முதலாளிமார் வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. மத்தியானம் வரை செயலாளர் உள்ளே இருந்தார். வெளியே வந்தவர் என் மேசையைக் கடந்து போகும்போது சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை பின்னேரம் எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் போனேன். வழக்கம்போல ஒருவர் பத்திரிகையை உரத்துப் படித்துக்கொண்டிருந்தார், மற்றவர்கள் நீள மரவாங்கில் இருந்து கேட்டார்கள். நான் படியில் செருப்பைக் கழற்றும்போது என் பெயர் காதில் விழுந்தது.

"கடற்கரைத் தெருக் கிணறு தொடர்பாக வெளியான செய்தியில் எவ்வித உண்மையுமில்லை. அவ்வாறான கூற்று எதனையும் நான் எவருக்கும் வழங்கவில்லை. கிணற்று நீர் குடிப்பதற்கு உகந்ததெனப் பொதுமக்களுக்கு அறியத் தருகிறேன். சபைக்காக..." பிறகு என் பெயர், பதவி.

வாசித்தவர் நிமிர்ந்து என்னைக் கண்டார். வாங்கில் ஒரு கிழவர் சிரிப்பை அடக்காமல், "தம்பி, ஞாயிற்றுக்கிழமை கூடாத தண்ணி புதன்கிழமை நல்லாப் போச்சுதோ? ஆர் பெரியவர் மந்திரிச்சவர்?" என்றார்.

மைத்துனர் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "அத்தான், எனக்குச் சொன்னது பொய்யோ, இது பொய்யோ?"

"இது நான் எழுதினதில்லை."

"உங்கடை பேர் கிடக்கு. உங்கடை வசனம் மாதிரியும் கிடக்கு. பேப்பர் ஆசிரியர் ஆள் அனுப்பிச் சொன்னவர், இனிமேல் செய்தி அனுப்பவேண்டாமெண்டு."

வசனம் என்னுடையது போலத்தான் இருந்தது. 'எவ்வித உண்மையுமில்லை' என்பது கந்தோரில் நான் பதினைந்து வருடமாகப் பாவித்த சொல். என் நடையை அத்தனை சுத்தமாக எழுதக்கூடியவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் பள்ளிக்கூடத்திலும் என் கட்டுரைகளைப் பார்த்துத்தான் எழுதுவார்.

மறுநாள் காலை அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஆர் ஐசே எழுதினது?"

"எல்லா அறிவித்தலும் உம்மடை பேரிலைதானே போறது. வழமை."

"நீர்தானே என்னைச் செய்யச் சொன்னனீர்?"

அவர் பேனாவை மூடினார். திறந்தார். "நான் என்ன சொன்னனான்? எழுத்திலை இருக்கோ?"

பதினைந்து வருடத்தில் அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் நான் கேட்டிருக்கிறேன். என்னிடம் அதைக் கேட்கக்கூடிய கடைசி ஆள் அவர்தான் என்று நினைத்திருந்தேன்.

"எனக்கும் மூண்டு குமர் கட்டிக்குடுக்கக் கிடக்கு ஐசே," என்றார் பிறகு. "சேர்மன் சொன்னால் நாளைக்கே நான் மன்னாரிலை. கிணத்துக்கு மருந்து போடுவம். கொஞ்ச நாளிலை எல்லாம் அடங்கியிடும்."

பரிசோதகரின் அறை பூட்டியிருந்தது. அவர் புதன்கிழமையே வேறிடத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். என் மேசையில் விளக்கம் கோரும் கடிதம் காத்திருந்தது: சுற்றுநிருபத்துக்கு மாறாகப் பத்திரிகைக்குக் கூற்று வழங்கியது ஏன்? அந்தக் கூற்றை நான் வழங்கவேயில்லை என்று முதல் நாள் அதே சபை என் பெயரில் நாட்டுக்கு அறிவித்திருந்தது. நான் சொல்லாத ஒன்றைச் சொன்னதற்கு விளக்கம் கொடுக்கவேண்டியிருந்தது. பத்திரிகையோடு நான் கதைக்கக்கூடாது. என் பெயர் கதைக்கலாம்.

அன்று பின்னேரம் சைக்கிளில் கடற்கரைத் தெருவுக்குப் போனேன். வாயால் ஒருவருக்குச் சொல்வதைச் சுற்றுநிருபம் தடுக்கவில்லை. முதல் வீடே அவளுடையது. அவள் இப்போது வேறு ஆளாக இருந்தாள். நீர்வேலியில் மீன் விற்றிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்கோ ஐயா! பேப்பரிலை நல்லாப் போட்டிருந்தியள். நான் அதைக் கொண்டுபோய்த் தெரு முழுக்கக் காட்டினனான். பக்கத்து வீட்டுக்காரி கொதிக்க வைச்சுக்கொண்டு நிண்டவள், 'அடுப்பை நூத்தடி, ஐயாவே சொல்லிப்போட்டார்' எண்டு நான்தான் அடுப்பிலை தண்ணியை ஊத்தி அணைச்சுவிட்டனான்."

"பிள்ளை, அது நான் எழுதினதில்லை. தண்ணி கூடாது."

"உங்கடை பேர் கிடக்கு ஐயா." நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிச்சுப் பாருங்கோ."

அயலவர்கள் வேலியோரம் வந்துவிட்டார்கள். எங்கள் ஊர்களில் யார் யாருடைய வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், யார் குடிக்கமாட்டார்கள் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். உடுப்பிட்டியிலிருந்து வரும் என்னைப் போன்றவர்கள் அந்தத் தெருவில் எப்போதும் "தாகமில்லை" என்றுதான் சொல்வார்கள். நான் செம்பை மறுத்தால் கிணறு கூடாதென்று ஒருவருக்கும் விளங்காது, வேறொன்றுதான் விளங்கும். குடித்தால் மறுப்பில் வந்தது உண்மையாகிவிடும்.

"உவர்க் கிணத்துத் தண்ணி தாரும் பிள்ளை," என்றேன். "இதே செம்பிலை தாரும்."

வேலியோரம் ஒரே சிரிப்பு. "ஐயா வயித்துக்குள்ளை கருவாடு போடப்போறாராம்!" என்று ஒருவன் கத்தினான். அவள் சிரிக்கவில்லை. போய் அள்ளிக்கொண்டு வந்தாள். நான் அண்ணாந்து குடிக்காமல், செம்பை வாயில் வைத்து, கரிப்போடு முழுவதையும் குடித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாதாவே," என்றாள் மெல்ல. "அப்ப, பேப்பர்?"

அவள் அன்றே அந்தத் தண்ணீரை நிறுத்தினாள் என்று பின்னர் சொன்னாள். மகள் ஏற்கெனவே குடித்திருந்தாள். இரண்டு கிழமையில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து தலைமயிர் கொட்டிப் பிழைத்து வந்தாள். அதே காய்ச்சலோடு போன பக்கத்து வீட்டுக்காரியின் மகன் திரும்பி வரவில்லை. தெருவில் மற்றவர்கள் நான் உவர்த் தண்ணீர் குடித்ததை ஒரு பைத்தியக்காரக் கதையாகத்தான் வைத்திருந்தார்கள். பத்திரிகையில் திரும்ப ஒன்றும் வரவில்லையே.

என்னை உள்நாட்டில் ஒரு சின்னச் சபைக்கு மாற்றினார்கள். அது அவளுடைய மீன் வழியில் இருந்தது. ஒருநாள் கடகத்தோடு கந்தோர் வேலியில் நின்றாள்.

"ஐயா, ஒரு உதவி. அது நீங்கள் எழுதினதில்லை எண்டு பேப்பரிலை ஒருக்காப் போடுவியளோ? தெருவிலை ஒருத்தரும் என்னோடை கதைக்கிறேல்லை. கோயிலிலை அவள் எனக்குப் பக்கத்திலை முழந்தாளிடுறேல்லை. நான்தானே அவளின்ரை அடுப்பை நூத்தனான். நான் பொய் கொண்டுபோகேல்லை எண்டு அவளுக்குத் தெரியவேணும். என்ரை வாயாலை சொன்னால் அவள் கேளாள். அச்சிலை வந்தால் கேப்பாள்."

ஒரு வசனம். அதைப் போடும்படி பத்திரிகைக்குப் போனேன். ஆசிரியர் மரியாதையாகப் பேசினார். ஒரு முறை சுட்டுக்கொண்டோம், சபையின் கடிதம் இல்லாமல் இனி உங்கள் பெயரில் ஒன்றும் போடமுடியாது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பழைய சபைக்கே விண்ணப்பித்தேன். முறைப்படி, மேற்படி விதியை எடுத்துக்காட்டி, ஒரு வசனத்தை வெளியிட அனுமதி கோரி. சபை அதைக் கொழும்புக்கு அனுப்பியது. கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. சந்தியில் பேக்கரி வைத்திருந்த சிங்களவரிடம் கொண்டுபோய் வாசிப்பித்தேன். கடிதம் கிடைத்தது என்று இருப்பதாகச் சொன்னார், ஒரு பாணும் தந்தார். அடுத்த வருடம் சபையிடமிருந்து ஒன்று வந்தது: தாங்கள் கூற்று எதனையும் வழங்கவில்லையெனத் தாங்களே மறுத்துள்ளமையால் அதனைத் திருத்தும் கேள்வி எழவில்லை. அதை வரைந்தவரின் நடை எனக்குத் தெரிந்தது. நினைவூட்டல் எழுதினேன். திரும்பவும் எழுதினேன்.

அவள் வேலியைக் கடக்கும்போதெல்லாம் கேட்பாள்: "வந்ததோ ஐயா?" இல்லையென்று தலையாட்டுவேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். போகிற போக்கில் ஒரு பார்வை மட்டும். பிறகு அவளைக் காணவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு மயிலிட்டியில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாளென்று இன்னொரு மீன்காரி சொன்னாள்.

செயலாளரை ஒரு செத்தவீட்டில் கண்டேன். அவர் அப்போது சபைகளை எல்லாம் மேற்பார்க்கும் பெரிய பதவியில் இருந்தார். பந்தலில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். வேறு கதிரை காலியில்லை.

"இன்னும் அந்தத் தண்ணிக் கதையோ ஐசே? உம்மடை கடிதம் ஒவ்வொரு வருசமும் என்ரை மேசைக்கு வருது."

"வந்தால் மறுமொழி போடுமன்."

"போட்டால் நான் எழுதினதெண்டு ஆகுமே," என்றார். முதல் தடவையாக அதை ஒப்புக்கொண்டார். பறையொலியில் வேறு எவருக்கும் கேட்டிராது. எனக்குத் தேநீர்க் கோப்பையை எடுத்துத் தந்துவிட்டு, தன்னுடையதைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

ஓய்வு பெற்ற பிறகு மயிலிட்டிக்குப் போனேன். துறைமுகத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கையைச் சீலையில் துடைத்தாள். மகளுக்குக் கலியாணம் முடிந்து பேரப்பிள்ளையும் இருந்தது. இன்னும் எழுதுகிறேன், செயலாளரும் ஓய்வு பெற்றுவிட்டார், இனி வரும் என்றேன்.

"இனி ஏன் ஐயா," என்றாள். கோபமில்லை. "பக்கத்து வீட்டுக்காரி போன மாசி செத்துப்போனாள். அவள் வாசிக்கத்தானே கேட்டனான்."

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அது என்ன கிணறு என்று நான் கேட்கவில்லை.

என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. தமிழில், நல்ல தாளில், ஒரு பக்கம்கூட நிரம்பாத கடிதம். தாங்கள் குறிப்பிடும் விதி அக்காலத்தில் நடைமுறையில் இருந்தமை உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே குறித்த அறிவித்தலுக்கோ அதனைத் தொடர்ந்த எந்தத் திருத்தத்துக்கோ முன்னனுமதி எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. அனுமதி கோரும் தங்கள் விண்ணப்பம் தேவையற்றதெனக் கருதி இத்துடன் முடிவுறுத்தப்படுகிறது. மறுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கையொப்பம் எனக்குத் தெரியாத ஓர் இளைஞருடையது. தபாற்காரன் அதைக் கொண்டுவந்து தந்தது எழுபத்தொன்பதாம் ஆண்டு, கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள்.